இரண்டு நாள் ஆபீஸ், மூன்று நாள் வீடு: ஜெர்மனி வரிக் கணக்கில் எந்த நாளை எங்கே எழுதுவது?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் 2021 இறுதியில் சென்னையிலிருந்து ஜெர்மனிக்கு வந்தவர். திருமணம் ஆகவில்லை, வரி வகுப்பு (சம்பளத்தில் மாதாமாதம் எவ்வளவு வரி பிடிப்பது என்பதற்கான பிரிவு) ஒன்று. ஃப்ரைசிங்கில் குடியிருக்கிறார். ஆபீஸ் மியூனிக்கில், சாலை வழியாக 34 கிலோமீட்டர். செவ்வாயும் வியாழனும் ரயிலேறி ஆபீஸ் போகிறார், மற்ற மூன்று நாள் வீட்டில் சாப்பாட்டு மேசையிலேயே வேலை. 2025-க்கான வரிக் கணக்கை இப்போது போட உட்கார்ந்திருக்கிறார். ஒரு நண்பர், "230 நாளுக்குப் பயணப்படி எழுது, கூடவே 210 நாளுக்கு ஹோம்ஆஃபிஸும் எழுது, யார் எண்ணிப் பார்க்கப் போகிறார்கள்" என்கிறாராம். இன்னொருவர், "இதெல்லாம் வெட்டி வேலை, எழுதினாலும் ஒரு சென்ட் வராது" என்கிறாராம். யார் சொல்வது சரி?

முதலாமவர் சொல்வது தவறு. அதைச் செய்துவிட்டு, கேட்டால் சமாளிக்கலாம் என்று நினைக்க வேண்டாம். ஒரே ஆள் ஒரே வருடத்தில் 440 நாள் வேலை பார்த்ததாகக் கணக்குக் கொடுத்தால் அதை ஃபினான்ஸ்ஆம்ட் என்ற வரி அலுவலகத்தில் யாரும் எண்ணத் தேவையில்லை, கணினியே எடுத்துத் தனியாக வைத்துவிடும். இரண்டாமவர் சொல்வது சிலருக்குச் சரி. உங்களுக்குச் சரியா என்பதைத்தான் பார்க்க வேண்டும். நான் வரி ஆலோசகர் இல்லை. பதினான்கு வருடமாக என் கணக்கை நானே எல்ஸ்டர் என்ற அரசின் இணைய வரித் தளத்தில் போட்டு வருகிறேன், அவ்வளவுதான். சிக்கலான வழக்கு என்றால் லோன்ஷ்டொயர்ஹில்ஃபெ என்ற வரி உதவிச் சங்கம் ஒன்றில் சேர்ந்துகொள்ளுங்கள், சம்பளக்காரர்களுக்கு அது ஆலோசகரைவிட மலிவு.

எடுத்தவுடன் புரிந்துகொள்ள வேண்டியது 1,230 யூரோ என்ற எண். வேலை சம்பந்தமான செலவுக்கு ஜெர்மன் சட்டம் வெர்பூங்ஸ்கோஸ்டன் என்று பெயர் வைத்திருக்கிறது. நீங்கள் எதையுமே எழுதாவிட்டாலும் வருடத்துக்கு 1,230 யூரோவை அந்தக் கணக்கில் தானாகக் கழித்துக்கொள்கிறார்கள். மாதச் சம்பளத்தில் வரி பிடிக்கும்போதே அது கழிந்துவிடுகிறது. நம் ஊர் ஸ்டாண்டர்ட் டிடக்ஷன் மாதிரிதான். ஒரு வித்தியாசம் உண்டு. நம் ஊரில் அந்த 75,000 ரூபாய்க்கு மேல் பஸ் டிக்கெட்டைக் காட்டினாலும் பெட்ரோல் பில்லைக் காட்டினாலும் சம்பளக்காரருக்கு ஒன்றும் கூடாது. இங்கே உண்மையான செலவு 1,230-ஐத் தாண்டினால் தாண்டிய பகுதியையும் கழிக்கலாம். அதாவது பயணம், வீட்டு நாள், நாற்காலி, இண்டர்நெட் எல்லாவற்றையும் கூட்டி 1,200 வந்தால் உங்களுக்குக் கிடைப்பது பூஜ்யம். 1,500 வந்தால் 270 யூரோவுக்கு வரி மிச்சம். ஹோம்ஆஃபிஸ் பணத்தை இந்த 1,230-க்கு மேல் தனியாகத் தருகிறார்கள் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படி இல்லை, அதுவும் இதே கூடைக்குள்தான் விழுகிறது. "ஒரு சென்ட் வராது" என்று சொன்ன நண்பர் அநேகமாக ஆபீஸுக்குப் பக்கத்தில் குடியிருப்பவராக இருப்பார்.

அடுத்தது நாள் கணக்கு. இதில்தான் எல்லாமே அடங்கியிருக்கிறது. உங்களைப் போல ஆபீஸில் மேசை இருக்கிற ஒருவருக்கு ஒரு வேலை நாள் இரண்டில் ஒரு வகை: ஆபீஸ் போன நாள், அல்லது வீட்டு நாள். ஒரே நாளை இரண்டிலும் எழுத முடியாது. அதனால் முதலில் மொத்த வேலை நாளை எண்ணுங்கள். 2025-இல் திங்கள் முதல் வெள்ளி வரை 261 நாள். பவேரியாவில் வார நாளில் விழுந்த பொது விடுமுறை 12. நவம்பர் 1 சனிக்கிழமையில் போய் வீணானது என்று அப்போது புலம்பியது நினைவிருக்கும். மீதி 249. உங்கள் விடுப்பு 30, காய்ச்சலில் படுத்த நாள் 5 என்று எழுதியிருக்கிறீர்கள். ஆக நீங்கள் உண்மையில் வேலை பார்த்தது 214 நாள். செவ்வாய், வியாழன் மட்டும் எண்ணினால் ஆபீஸ் நாள் 86 வருகிறது, வீட்டு நாள் 128. விடுப்பு நாளும் நோய் நாளும் எந்தப் பக்கமும் சேராது. ஊருக்குப் போயிருந்த மூன்று வாரமும் அந்த 30 நாள் விடுப்புக்குள் வந்துவிட்டதா என்று மட்டும் பாருங்கள்.

ஆபீஸ் நாளுக்குக் கிடைப்பது பெண்ட்லர்பௌஷாலே என்ற பயணக் கழிவு. வீட்டிலிருந்து ஆபீஸுக்கு ஒரு வழித் தூரம் மட்டும்தான் கணக்கு, போக வர இரண்டும் இல்லை. முழுக் கிலோமீட்டர் மட்டுமே எடுப்பார்கள், 34.8 என்றால் 34. நீங்கள் ரயிலில் போனாலும் கணக்கு சாலைத் தூரத்துக்குத்தான். சைக்கிளில் போனாலும், நண்பர் காரில் தொற்றிக்கொண்டு போனாலும் அதே தொகை, ஏனென்றால் இது பெட்ரோலுக்கான பணம் இல்லை, தூரத்துக்கான கழிவு. சுற்று வழி வெளிப்படையாகவே நேரம் மிச்சப்படுத்துகிறது, நீங்களும் வழக்கமாக அதில்தான் போகிறீர்கள் என்றால் அந்த நீளமான வழியையே எழுதலாம். சொந்தக் காரில் போகாதவர்களுக்கு வருடத்துக்கு 4,500 யூரோ உச்சவரம்பு உண்டு, உங்கள் கணக்கு அந்தப் பக்கமே போகாது. 2025-க்கு விகிதம் முதல் 20 கிலோமீட்டருக்குத் தலா 30 சென்ட், 21-ஆவதிலிருந்து 38 சென்ட். உங்கள் 34 கிலோமீட்டருக்கு 6.00 யூரோவும் 5.32 யூரோவும் சேர்ந்து நாளுக்கு 11.32. அதை 86-ஆல் பெருக்கினால் 973.52 யூரோ.

இதில் ஒரு கழித்தல் இருக்கிறது. டொய்ச்லாண்ட் டிக்கெட்டை (நாடு முழுவதும் உள்ளூர் ரயில், பஸ்ஸுக்கான மாத டிக்கெட்) ஜாப்டிக்கெட்டாக, அதாவது நிறுவனம் வழியாக எடுத்திருப்பதாகவும், 58 யூரோவில் 14.50-ஐ நிறுவனம் போடுவதாகவும் சொல்லியிருக்கிறீர்கள். நிறுவனம் வரியில்லாமல் தரும் அந்தப் பணத்தைப் பயணக் கழிவிலிருந்து குறைக்க வேண்டும். வருடம் முழுவதற்கும் 174 யூரோ. நீங்கள் எழுதாமல் விட்டாலும் அவர்களுக்குத் தெரிந்துவிடும், ஏனென்றால் நிறுவனம் கொடுக்கும் வருடாந்திரச் சம்பளச் சான்றிதழில் 17-ஆம் வரிசை அதற்காகவே இருக்கிறது. ஆக மிஞ்சுவது 799.52.

வீட்டு நாளுக்கு நாளுக்கு 6 யூரோ, வருடத்துக்கு அதிகபட்சம் 210 நாள், அதாவது 1,260 யூரோ. இது 2023 முதல் இருக்கிற நிரந்தர விதி. கொரோனா காலத்தில் 2020-இல் அவசரத்துக்குக் கொண்டுவந்தபோது நாளுக்கு 5 யூரோ, உச்சம் 600. அப்போது நாள் முழுவதும் வீட்டிலேயே இருந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இருந்தது. இப்போது அன்றைய வேலை நேரத்தில் பாதிக்கு மேல் வீட்டில் நடந்திருந்தால் போதும். தனி அறை வேண்டியதில்லை. சாப்பாட்டு மேசை, சோபா, பால்கனி, எங்கே உட்கார்ந்தாலும் சரி, ஆனால் வீடாக இருக்க வேண்டும். கஃபேயில் உட்கார்ந்து முடித்த நாளுக்கு இது பொருந்தாது. உங்களுக்கு 128 பெருக்கல் 6, அதாவது 768 யூரோ.

இந்த "பாதிக்கு மேல்" என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு ஒரு தவறு நடக்கிறது. காலையில் ஐந்து மணி நேரம் வீட்டில் வேலை, மதியம் ஒரு மீட்டிங்குக்காக இரண்டு மணி நேரம் ஆபீஸ். பெரும்பகுதி வீட்டில்தானே, 6 யூரோ எழுதலாமா? கூடாது. அன்றைக்கு ஆபீஸ் வாசல் மிதித்தாயிற்று என்றால், ஆபீஸில் மேசை இருக்கிற உங்களுக்கு அது ஆபீஸ் நாள்தான். 11.32-ஐ எழுதுங்கள், உங்களுக்கு அதுதான் லாபமும் கூட. ஆனால் அதே மதியம் நீங்கள் ஆபீஸுக்குப் போகாமல் இங்கோல்ஷ்டாட்டில் இருக்கும் வாடிக்கையாளரிடம் போயிருந்தால் கதை மாறுகிறது. அது வெளிவேலைப் பயணம். வீட்டில் பெரும்பகுதி வேலை நடந்திருந்தால் அந்த நாளுக்கு 6 யூரோவும் உண்டு, பயணச் செலவும் உண்டு. காரில் போனால் அங்கே கணக்கு ஓடிய கிலோமீட்டர் ஒவ்வொன்றுக்கும் 30 சென்ட், போக வர இரண்டும் சேரும்.

ஆபீஸில் மேசையே தரப்படாதவர்களுக்கு விதிவிலக்கு இருக்கிறது. பள்ளி ஆசிரியர்கள் நல்ல உதாரணம்: காலையில் வகுப்பு, மாலையில் வீட்டில் விடைத்தாள் திருத்தல், பள்ளியில் அதற்கென்று இடம் கிடையாது. அவர்கள் ஒரே நாளில் பயணக் கழிவையும் 6 யூரோவையும் சேர்த்தே எழுதலாம். இதைக் கேள்விப்பட்டு, "எங்கள் ஆபீஸில் எனக்கென்று மேசை கிடையாது, ஆப்பில் புக் செய்துதான் உட்கார வேண்டும், நானும் அந்த வகைதானே" என்று சில ஐ.டி. நண்பர்கள் கேட்கிறார்கள். பொது மேசையாக இருந்தாலும் தேவைப்படும்போது கிடைக்கிறது என்றால், மேசை இருப்பதாகவே கணக்கு. அந்த வாதத்தில் நேரம் செலவழிக்காதீர்கள்.

இனி மற்ற சில்லறை. இண்டர்நெட்டும் மொபைலும் சேர்த்து மாதம் 65 யூரோ கட்டுவதாகச் சொன்னீர்கள். தனித்தனியாக நிரூபிக்காமலே பில்லில் 20 சதவீதம், மாதத்துக்கு 20 யூரோவுக்கு மிகாமல் எழுதலாம். உங்களுக்கு மாதம் 13, வருடம் 156. 280 யூரோ நாற்காலி வேலைக்கு மட்டும் என்பதால் முழுவதும் எழுதலாம். 440 யூரோ மானிட்டரில் பாதி நேரம் கிரிக்கெட் ஓடுகிறது என்று நேர்மையாக ஒப்புக்கொண்டிருக்கிறீர்கள், அதனால் 220. நாளுக்கு 6 யூரோ வாங்கினால் நாற்காலி, மேசை எழுதக் கூடாது என்று ஒரு பேச்சு சுற்றுகிறது. அது உண்மையில்லை. அந்த 6 யூரோ வாடகை, கரண்ட், ஹீட்டிங் மாதிரியான இடச் செலவுக்கு. வேலைச் சாமான்கள் தனி. ஒரு பொருளின் விலை மதிப்புக்கூட்டு வரி நீங்கலாக 800 யூரோவுக்குள், அதாவது 19 சதவீதம் சேர்த்து 952-க்குள் இருந்தால் வாங்கிய வருடமே முழுவதையும் கழிக்கலாம். அதைத் தாண்டிய மேசை என்றால் 13 வருடத்துக்குப் பிரித்துப் பிரித்து எழுத வேண்டும். லேப்டாப்புக்கும் மானிட்டருக்கும் அந்தத் தலைவலி இல்லை, விலை எவ்வளவாக இருந்தாலும் ஒரே வருடத்தில் எழுதிவிடலாம். நிறுவனமே வாங்கிக் கொடுத்த நாற்காலியை எழுதக் கூடாது என்று சொல்லத் தேவையில்லை, ஆனாலும் சொல்லி வைக்கிறேன்.

கூட்டிப் பாருங்கள். பயணம் 799.52, வீட்டு நாள் 768, போன் 156, சாமான் 500. மொத்தம் 2,223.52. இதில் 1,230 ஏற்கெனவே கழிந்துவிட்டது, புதிதாகக் கழிவது 993.52. இது உங்கள் கைக்கு வரும் பணம் இல்லை, வரி போடும் வருமானத்திலிருந்து குறையும் தொகை. வரிக்குரிய வருமானம் 58,000 பக்கம் என்றால் கடைசி யூரோவுக்கு நீங்கள் கட்டும் விகிதம் 38 சதவீதம் போல வரும். ஆக கையில் வருவது ஏறக்குறைய 377 யூரோ. ஊருக்குப் போக டிக்கெட் எடுக்கப் போதாது, ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதிய வேலைக்கு மோசமில்லை.

இந்த எண்களில் எனக்குப் பிடித்த ஒரு விஷயம் உண்டு. 2025 விகிதத்தில் சரியாக 20 கிலோமீட்டர் தூரத்தில் இருப்பவருக்கு ஆபீஸ் நாளும் 6 யூரோ, வீட்டு நாளும் 6 யூரோ. அதற்குள் குடியிருப்பவருக்குக் காகிதத்தில் வீட்டு நாள் லாபம், அதைத் தாண்டியவருக்கு ஆபீஸ் நாள் லாபம். 2026 ஜனவரி 1 முதல் இது நகர்ந்துவிட்டது. முதல் கிலோமீட்டரிலிருந்தே 38 சென்ட் என்று சட்டத்தை மாற்றிவிட்டார்கள். இப்போது 16 கிலோமீட்டரிலேயே நாளுக்கு 6.08 வந்துவிடுகிறது. உங்கள் 34 கிலோமீட்டருக்கு 12.92. இதற்காக யாரும் வீட்டிலிருந்து வேலை செய்வதைக் குறைக்கப் போவதில்லை, குறைக்கவும் வேண்டாம். 16 கிலோமீட்டர் காரோட்டும் செலவு ஆறு யூரோவில் கழிகிற வரியைவிட அதிகம். இந்தப் பயணக் கழிவு ஜெர்மன் அரசியலில் ஒரு தீராத சண்டை. 2007-இல் முதல் 20 கிலோமீட்டருக்கு ஒன்றுமே கிடையாது என்று ஆக்கினார்கள். 2008 டிசம்பர் 9 அன்று அரசியல் சாசன நீதிமன்றம் அது செல்லாது என்று சொல்லி, பழையபடி முதல் கிலோமீட்டரிலிருந்து கொடுக்க வைத்தது.

பக்கத்தில் குடியிருப்பவர்கள் மனமுடைய வேண்டாம், அவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. நான் பார்த்தவரை கவனிக்காமல் விடப்படுவது இதுதான். பொதுப் போக்குவரத்தில் போகிறவர், வருடம் முழுவதும் டிக்கெட்டுக்குக் கட்டிய பணம் பயணக் கழிவைவிட அதிகமாக இருந்தால், டிக்கெட் பணத்தையே எழுதலாம். ஒன்பது கிலோமீட்டர் தூரத்தில் ஆபீஸ், 90 நாள் போனார் என்று வைத்துக்கொள்ளுங்கள். தூரக் கணக்கில் 243 யூரோ. ஆனால் டொய்ச்லாண்ட் டிக்கெட்டைத் தானே முழுப் பணம் கட்டி எடுத்திருந்தால் 2025-இல் 58 பெருக்கல் 12, ஆக 696. அதை எழுத வேண்டும். "பாதி நாள் வீட்டில்தானே இருந்தேன், அதனால் பாதி டிக்கெட்தானே" என்று நீங்களே குறைத்துக்கொள்ள வேண்டாம். ஆபீஸ் போவதற்காக எடுத்த மாத டிக்கெட்டை முழுவதும் எழுதலாம், வீட்டு நாளுக்கான 6 யூரோவும் அதனால் குறையாது. 125 வீட்டு நாளுக்கு 750 என்றால் மொத்தம் 1,446, ஒன்பது கிலோமீட்டர்காரரும் 1,230-ஐத் தாண்டிவிட்டார். உங்கள் கணக்கில் தூரத்தொகைதான் பெரியது, அதனால் உங்களுக்கு இது உதவாது.

கம்பெனி கார் வைத்திருப்பவர்கள் இந்தப் பதிலை இவ்வளவு தூரம் படித்திருந்தால், இதுதான் உங்களுக்கான பகுதி. வீட்டிலிருந்து ஆபீஸுக்கு அந்தக் காரை ஓட்டுவதற்காக, காரின் பட்டியல் விலையில் 0.03 சதவீதத்தை ஒரு கிலோமீட்டருக்கு என்று ஒவ்வொரு மாதமும் சம்பளத்தில் கூட்டி வரி பிடிக்கிறார்கள். 45,000 யூரோ பெட்ரோல் கார், 25 கிலோமீட்டர் தூரம் என்றால் மாதம் 337.50, வருடம் 4,050. இந்த விகிதம் மாதத்துக்கு 15 நாள் ஆபீஸ் போவதாக நினைத்துப் போட்டது. நீங்கள் வருடத்தில் 80 நாள்தான் போனீர்கள் என்றால், போன நாளுக்கு மட்டும் 0.002 சதவீதம் என்று கணக்கிடும்படி கேட்கலாம். நாளுக்கு 22.50, ஆக 1,800. வித்தியாசம் 2,250 யூரோ. இது 1,230 கூடைக்குள் விழுவதில்லை, சம்பளத்திலிருந்தே நேராகக் குறைகிறது, அதனால் முழுப் பலனும் கிடைக்கும். நிறுவனம் மாதாமாதம் செய்யாவிட்டாலும் வரிக் கணக்கில் திருத்திக்கொள்ளலாம். தேதிவாரியாக எந்தெந்த நாள் காரில் போனேன் என்ற பட்டியல் மட்டும் கட்டாயம். என் சக ஊழியர் ஒருவர் மூன்று வருடம் இது தெரியாமலே வரி கட்டிக்கொண்டிருந்தார்.

தனி அறை வைத்திருந்தால்? இதை நீங்கள் கேட்கவில்லை, ஆனால் வாரத்தில் மூன்று நாள் வீடு என்பதால் சொல்ல வேண்டியிருக்கிறது. சட்டத்தில் ஆர்பைட்ஸ்சிம்மர் என்பது கதவு போட்ட, ஏறக்குறைய வேலைக்கு மட்டுமே பயன்படுகிற அறை. ஓரத்தில் விருந்தினர் கட்டில் கிடந்தாலே தகராறுதான். ஹாலில் திரை போட்டுத் தடுத்த மூலை அறையாகாது. சொந்த உபயோகமும் கலந்த அறையைக் கழிக்க முடியாது என்பதை வரிகளுக்கான உச்ச நீதிமன்றத்தின் பெரும் அமர்வு 2015-இலேயே தீர்த்துவிட்டது. அப்படி ஒரு அறை இருந்து, உங்கள் வேலையின் மையமும் அந்த அறையாக இருந்தால்தான் உண்மைச் செலவைக் கழிக்க முடியும். வீட்டிலும் ஆபீஸிலும் ஒரே மாதிரி வேலை என்றால் மூன்று நாள் எங்கே நடக்கிறதோ அதுதான் மையம். ஆக ஐந்தில் மூன்று நாள் வீட்டில் இருப்பவருக்குக் கதவு திறக்கிறது, இரண்டு நாள் இருப்பவருக்கு மூடிவிடுகிறது. 72 சதுர மீட்டர் வீட்டில் 12 சதுர மீட்டர் அறை, ஹீட்டிங் உட்பட வாடகை மாதம் 1,500 என்றால் ஆறில் ஒரு பங்கு வருடத்துக்கு 3,000 யூரோ. அல்லது எந்த பில்லும் காட்டாமல் வருடத்துக்கு 1,260 என்று மொத்தமாகவும் எடுக்கலாம். இதில் எதை எடுத்தாலும் நாளுக்கு 6 யூரோ கிடையாது. அறை வேண்டும் என்பதற்காகப் பெரிய வீட்டுக்கு மாறினேன், மாறிய செலவைக் கழியுங்கள் என்று ஒரு தம்பதி போட்ட வழக்கை அதே நீதிமன்றம் 2025 பிப்ரவரியில் தள்ளுபடி செய்துவிட்டது, அதனால் அந்த ஆசை வேண்டாம். உங்களுக்கு சாப்பாட்டு மேசைதான், 768-ஓடு நிற்கலாம்.

இன்னொன்று, இது உங்களைப் போன்றவர்களிடம் நான் அதிகம் பார்க்கும் குழப்பம். "வாரத்தில் மூன்று நாள் வீடு என்றால் என் வேலையிடமே வீடுதானே, அப்போது ஆபீஸ் போவது வெளிவேலைப் பயணம்தானே, போக வர இரண்டுக்கும் 30 சென்ட் எழுதலாமே" என்பார்கள். வீடு ஒருபோதும் சட்டப்படி முதல் வேலையிடம் ஆகாது. ஒப்பந்தத்திலோ வேறு கடிதத்திலோ நிறுவனம் மியூனிக் ஆபீஸை உங்கள் இடமாகக் குறித்திருந்தால், மாதத்துக்கு ஒரு நாள் போனாலும் அதுதான் முதல் வேலையிடம், ஒரு வழித் தூரம்தான். எங்கேயுமே குறிக்கவில்லை என்றால்தான் எண்ணிக்கை பார்ப்பார்கள்: வாரத்தில் இரண்டு முழு நாள் அல்லது வேலை நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு நிரந்தரமாக அங்கே செய்ய வேண்டியிருந்தால் அது முதல் வேலையிடம். ஒப்பந்தத்தில் எந்த இடமும் இல்லாமல் வாரம் ஒரு நாள் மட்டும் ஆபீஸ் போகிறவருக்கு மட்டுமே அந்த வாதம் எடுபடும். ஒப்பந்தத்தை எடுத்து "ஆர்பைட்ஸ்ஓர்ட்" (வேலையிடம்) என்று தலைப்பிட்ட பத்தியை ஒரு முறை படியுங்கள், அங்கிருந்து தொடங்குவது நல்லது.

கணவன், மனைவி இருவரும் ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து வேலை பார்த்தாலும் இருவருக்கும் தனித்தனியாக 6 யூரோ உண்டு. ஒருவருக்கு இரண்டு வேலை இருந்தால் மட்டும் இரட்டிப்பாகாது, நாளுக்கு ஒரு 6 தான். குடும்பம் வேறு ஊரில் இருக்க, வேலைக்காக இரண்டாவது வீடு எடுத்து அதன் வாடகையைக் கழிப்பவர்கள், அந்த வீட்டில் இருந்து வேலை செய்த நாளுக்கு 6 யூரோ எழுத முடியாது.

ஆதாரம் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. எதையும் கணக்கோடு சேர்த்து அனுப்ப வேண்டியதில்லை, கேட்டால் கொடுக்க வேண்டும், அவ்வளவே. சில வருடத்துக்கு முன் எனக்கே கடிதம் வந்தது: ஆபீஸ் நாள் எத்தனை, வீட்டு நாள் எத்தனை என்று நிறுவனத்திடம் சான்றிதழ் வாங்கி அனுப்பு என்று. எங்கள் மனிதவளத் துறையில் அப்படி ஒரு கடிதம் தரும் வழக்கமே இல்லை, "நாங்கள் அதையெல்லாம் பதிவு செய்வதில்லை" என்று கைவிரித்தார்கள். நான் அவுட்லுக் காலண்டரில் ஒவ்வொரு நாளுக்கும் ஆபீஸ், வீடு என்று நிறம் போட்டு வைத்திருந்தேன். அதை அச்செடுத்து, விடுப்புப் பட்டியலோடு சேர்த்து அனுப்பினேன், ஏற்றுக்கொண்டார்கள். அன்றிலிருந்து அந்தப் பழக்கத்தை விடவில்லை. உங்கள் 86 நாள் சுலபமாக நிற்கும், ஏனென்றால் செவ்வாய், வியாழன் என்று ஒழுங்கு இருக்கிறது, மேசை புக் செய்த ஆப்பிலும் பதிவு இருக்கும். அதை வருட இறுதியில் ஒரு முறை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், வேலை மாறிவிட்டால் அந்த ஆப்புக்குள் நுழைய முடியாது.

எழுத வேண்டிய இடம் ஆன்லாகே என் என்ற படிவம். பயணம் ஒரு பகுதியில், வீட்டு நாள் தனியாக ஒரு பகுதியில், மேசை, நாற்காலி வேறொரு பகுதியில். எல்ஸ்டரில் நாள் எண்ணிக்கையைப் போட்டால் தொகையை அதுவே கணக்கிடும். 768 என்று தொகையை நாள் கட்டத்தில் போட்டுவிட்டுத் திருதிருவென்று முழித்தவர்களை எனக்குத் தெரியும்.

கெடு இரண்டு விதம். திருமணமாகி வரி வகுப்பு மூன்றும் ஐந்துமாக வைத்திருப்பவர்கள், பெற்றோர் உதவித்தொகை மாதிரி 410 யூரோவுக்கு மேல் வாங்கியவர்கள், இவர்களெல்லாம் கட்டாயம் போட்டே ஆக வேண்டும். 2025 கணக்குக்கு 2026 ஜூலை 31 கடைசி நாள். வகுப்பு ஒன்றில் ஒரே வேலையில் இருக்கும் உங்களுக்குக் கட்டாயம் இல்லை, விருப்பம்தான், அதற்கு நான்கு வருடம் அவகாசம். 2022-க்கு நீங்கள் கணக்கே போடவில்லை என்று கேள்வியின் கடைசியில் போகிற போக்கில் எழுதியிருந்தீர்கள். அந்த வருடக் கணக்கை 2026 டிசம்பர் 31 வரை போடலாம். அந்த வருடத்துக்கு வீட்டு நாள் 5 யூரோதான், 600-க்கு மேல் கிடையாது, நாள் முழுவதும் வீட்டில் இருந்திருக்க வேண்டும், தானாகக் கழியும் தொகை 1,200. பயண விகிதம் 2025 போலவேதான். 2025-ஐ முடித்த கையோடு அதையும் எடுத்து உட்காருங்கள். அந்த வருடம் ஆபீஸ் எத்தனை நாள் திறந்திருந்தது, நீங்கள் எத்தனை நாள் போனீர்கள் என்பதற்குப் பழைய மெயில்களைத்தான் தோண்ட வேண்டியிருக்கும்.